டூலின் பப்பில் ஓர் இசை மாலை: வாத்தியம் வாசிப்பவர்கள் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்வது ஏன்?

காவிரிக்கரையன்

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பின் நானும் என் மனைவியும் மேற்கொண்ட முதல் நீண்ட பயணத்தில், லண்டனில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து அயர்லாந்துக்குப் போய் ஒன்பது நாள் தங்கிவிட்டு வந்தோம். பயணம் முழுவதையும் எழுதி உங்களைச் சோதிக்கப் போவதில்லை. கிளேர் மாவட்டத்தில் டூலின் என்ற கடலோரச் சிற்றூரில் கழித்த ஒரே ஒரு மாலையைப் பற்றி எழுதிவிட்டு, அதில் எனக்கு விளங்காமல் போன சிலவற்றை இங்கே கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

கால்வே நகரிலிருந்து 350ஆம் எண் பேருந்தில் முதல் நாளே டூலின் வந்துவிட்டோம். மறுநாள் பகலில் மோஹர் செங்குத்துப் பாறைகளைப் பார்த்தோம். அதிகபட்சம் 214 மீட்டர் உயரம் என்கிறார்கள். காற்று அடித்த வேகத்தில் என் தொப்பி அந்த உயரத்தை என்னைவிட நன்றாக அறிந்துகொண்டது. மாலையில் பப்புக்குப் போகலாம் என்று விடுதி நடத்தும் அம்மையார் சொன்னபோது என் மனைவி தயங்கினார். நாற்பது ஆண்டு இல்வாழ்க்கையில் மதுக்கடை வாசலில் ஒதுங்கிக்கூட நின்றதில்லை என்பது அவர் வாதம். "தேநீரும் தருவார்கள், குழந்தைகளும் இருப்பார்கள்" என்று அந்த அம்மையார் உறுதியளித்த பிறகுதான் கிளம்பினோம்.

முதலில் ஃபிஷர் தெருவில் 1832 முதல் இருந்துவரும் கஸ் ஓ'கானர் பப்பில் இரவு உணவு. சமையலறையை ஒன்பது மணி வாக்கில் மூடிவிடுவார்கள் என்பதால் ஏழு மணிக்கே போய்விட்டோம். எனக்குக் கடலுணவுச் சூப்பும் பழுப்புச் சோடா ரொட்டியும் கிடைத்தன. சைவம் மட்டுமே உண்ணும் என் மனைவிக்கு வெங்காயத்தாள் போன்ற லீக்கும் உருளைக்கிழங்கும் சேர்த்த சூப். நான் அரை பைன்ட் கின்னஸ் என்ற கறுப்பு பீர் கேட்டேன். அங்கே அரை பைன்ட்டுக்கு "ஒரு கிளாஸ்" என்று பெயர். முக்கால் பங்கு ஊற்றிவிட்டு, பழுப்பு நுரை கொந்தளித்து அடங்கிக் கறுப்பாகும் வரை அப்படியே வைத்துவிட்டு, அதன் பிறகுதான் மீதியை ஊற்றி நிரப்புகிறார்கள். ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கும் வரை காத்திருப்பவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல என்று மனைவி சொன்னார்.

ஒன்பது மணிக்கு, ஊரின் மேல் பகுதியில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொரு பப்புக்கு நடந்தோம். ஜூன் மாதம் என்பதால் நல்ல வெளிச்சம் இருந்தது. கூட்டம் நெருக்கியடித்தது, ஆனால் ஒரு மூலையில் மேசையைச் சுற்றி நான்கைந்து இருக்கைகள் காலியாக இருந்தன. முதுகுவலிக்காரனான நான் கடவுள் கண் திறந்தார் என்று போய் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நிமிடத்தில் ஓர் இளைஞர் ஃபிடில் (நம் வயலின்தான்) பெட்டியோடு வந்து, கோபம் ஏதுமின்றி, "நீங்கள் எந்த வாத்தியம்?" என்று கேட்டார். அது வாசிப்பவர்களின் மூலை என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்த எங்களுக்குப் பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு குடும்பம் நகர்ந்து இடம் கொடுத்தது.

மேடை இல்லை, மைக் இல்லை. ஃபிடில், மரப் புல்லாங்குழல், முழங்காலில் வைத்து வாசிக்கும் சிறிய துருத்தி வாத்தியமான கன்சர்டினா, சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்த பௌரான் என்ற ஆட்டுத்தோல் பறை என நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்தார்கள். இருவர் எங்களுக்கு முழுதாக முதுகைக் காட்டியிருந்தார்கள். வணக்கமோ அறிவிப்போ கிடையாது. பேசிக்கொண்டிருந்த ஃபிடில்காரர் பேச்சின் நடுவே வில்லை எடுத்து ஒரு மெட்டைத் தொடங்கினார். இரண்டாவது அடியில் புல்லாங்குழல் சேர்ந்தது. அடுத்த சுற்றில் எல்லோரும் உள்ளே இருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து அதே போல நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள்.

அவர்களோடு பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமியும் தன் தந்தையோடு வந்து டின் விசில் என்ற சிறு உலோகக் குழல் வாசித்தாள். அவள் தொடங்கிய மெட்டுக்கு மட்டும் எல்லோரும் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். குறைத்தது அவளுக்குத் தெரியாதபடி குறைத்தார்கள். பத்து மணி நெருங்கியதும் கல்லாவில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்க்க, அவள் விசிலைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

என் கேள்விகள் இவை. கேட்க வந்தவர்களுக்கு முதுகைக் காட்டுவது அங்கே மரியாதைக் குறைவில்லையா? அந்தச் சிறுமி ஏன் சரியாகப் பத்து மணிக்குப் போனாள்? அவர்கள் எதை வாசிப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

லிஃபிக்கரை

ஐயா, டப்ளினில் செவிலியராக வேலை செய்கிறேன். வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஓரளவு தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிறுமி கிளம்பியதற்குக் காரணம் சட்டம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் பப்பில் இருக்கக் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை மட்டும் அது பத்து மணி.

முதுகு காட்டுவது பற்றி: நீங்கள் பார்த்தது கச்சேரி அல்ல, அதற்குப் பெயர் செஷன். அவர்கள் ஒருவருக்கொருவர் வாசித்துக்கொள்கிறார்கள், நாம் பக்கத்தில் இருக்க அனுமதிக்கப்படுகிறோம். வட்டமாக உட்காராவிட்டால் ஒருவர் விரலையும் வில்லையும் மற்றவர் பார்க்க முடியாது. மெட்டு மாறும் இடத்தில் யாராவது புருவத்தை உயர்த்துவார்கள், அல்லது "ஹப்!" என்று குரல் கொடுப்பார்கள், அதைத் தவறவிட்டால் ஒருவர் பழைய மெட்டிலும் மற்றவர் புதிய மெட்டிலும் நிற்க வேண்டியதுதான். பொதுவாக ஒருவர் அல்லது இருவருக்கு மட்டும் பப் உரிமையாளர் பணம் தருவார், செஷன் நடக்காமல் போய்விடக் கூடாது என்பதற்காக. மற்றவர்கள் விருப்பத்துக்கு வருகிறவர்கள்.

அந்த இளைஞர் உங்களிடம் "எந்த வாத்தியம்" என்று கேட்டது கிண்டல் அல்ல என்றுதான் நினைக்கிறேன். வாசிப்பேன் என்று சொல்லியிருந்தால் உட்கார வைத்திருப்பார்.

வயலின்மாணவி

நான் கர்நாடக வயலின் கற்பவள் என்பதால் சில கேள்விகள். குறிப்புத்தாள் இல்லாமல் எத்தனை மெட்டுகளை நினைவில் வைத்திருக்கிறார்கள்? மனோதர்மத்துக்கு இடம் உண்டா? பதிவுகளைக் கேட்டால் எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கிறதே என்ற என் மனக்குறையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

லிஃபிக்கரை

எனக்கும் முதல் இரண்டு ஆண்டுகள் ஒரே மாதிரிதான் ஒலித்தது. பிறகு தாளத்தை எண்ணத் தொடங்கினேன், பிரிந்து கேட்க ஆரம்பித்தது. ரீல் என்பது நான்கின் நடை. ஜிக் 6/8, அதாவது மும்மூன்றாக விழும். ஸ்லிப் ஜிக் 9/8. ஹார்ன்பைப் நான்கின் நடைதான், ஆனால் நொண்டி நொண்டி நடக்கும். கெர்ரி, கார்க் எல்லைப் பக்கம் போனால் போல்காவும் ஸ்லைடும் அதிகம்.

மெட்டின் கட்டமைப்பு எளிமையானது. பெரும்பாலானவற்றில் இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் எட்டுத் தாள அளவு. ஒவ்வொன்றையும் இரு முறை வாசித்தால் முப்பத்திரண்டு அளவு. ரீல் வேகத்தில் ஒரு சுற்றுக்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேலாகும். அதை மூன்று முறை வாசித்து, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவி, அதிலிருந்து இன்னொன்றுக்குப் போவார்கள். காவிரிக்கரையன் ஐயா ஐந்து நிமிடம் என்று எழுதியது மூன்று மெட்டுகள் கோத்த ஒரு செட்டாக இருந்திருக்கும்.

ஆலாபனை, கற்பனைஸ்வரம் போன்ற விரிவு இதில் இல்லை. மெட்டு எல்லோருக்கும் ஒன்றே. அதற்குள் ஒரு சுரத்தைச் சட்டென வெட்டுவது, ஐந்து சுரங்களைச் சுருட்டி ஒன்றின் இடத்தில் வைப்பது, வில்லை எங்கே திருப்புவது, புல்லாங்குழல்காரர் எந்தச் சுரத்தை விட்டுவிட்டு மூச்சு வாங்குவது ஆகியவற்றில்தான் ஒருவர் மற்றவரிடமிருந்து வேறுபடுகிறார். எத்தனை மெட்டுகள் நினைவில் என்றால், நல்ல வாசிப்பாளருக்கு நூற்றுக்கணக்கில் இருக்கும். இவற்றை அச்சில் பெருமளவில் தொகுத்தவர் கார்க் மாவட்டத்தில் 1848இல் பிறந்து, சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவராக உயர்ந்த ஃபிரான்சிஸ் ஓ'நீல். 1903இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் 1,850 மெட்டுகள் இருந்தன. இசை தெரிந்தவர்களைக் காவல்துறையில் சேர்த்துக்கொண்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

நேர்ப்பேச்சு

இழையின் இனிமையைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். சென்ற ஆண்டு நானும் என் துணைவியும் டப்ளினில் டெம்பிள் பார் பகுதியில் ஒரு பப்புக்குப் போனோம். பெயரை எழுத விரும்பவில்லை. காது கிழியும் ஒலிபெருக்கி, ஒரே ஆள் கிதாருடன் எல்லோருக்கும் தெரிந்த பத்துப் பாட்டு, நகரின் மற்ற இடங்களைவிட மிகக் கூடுதலான விலையில் பானம், சுற்றிலும் எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்கள் மட்டுமே. மரபு என்ற பெயரில் பயணிகளுக்கு விற்கப்படும் சரக்கு இது என்பதே என் முடிவு. டூலினும் இன்று பேருந்து பேருந்தாகப் பயணிகள் வந்து இறங்கும் ஊர்தானே? நீங்கள் பார்த்த அந்த வட்டம் மட்டும் எப்படி உண்மையாகிவிடும்? பப்பில் வாசிப்பதே பழைய வழக்கம் இல்லை என்று ஓர் அயர்லாந்துக்காரரே என்னிடம் சொன்னார்.

காவிரிக்கரையன்

உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. நாங்களும் டெம்பிள் பார் வழியாக ஒரு முறை நடந்தோம், உள்ளே போகவில்லை. ஆனால் பயணிகள் இருந்தால் இசை பொய்யாகிவிடும் என்ற தர்க்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அன்றிரவு எங்களைச் சுற்றி ஜெர்மானியர்களும் அமெரிக்கர்களும் இருந்தார்கள் என்பது மெய்தான். அந்த நால்வரும் எங்களுக்காக ஒரு மெட்டைக்கூட மாற்றவில்லை. ஒருவர் எழுந்து பிரபலமான ஒரு பாட்டை வாசிக்கச் சொன்னபோது, கன்சர்டினா வாசித்த பெண் புன்னகையோடு தலையாட்டிவிட்டு வேறொரு ஜிக்கைத் தொடங்கினார். விற்பவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

பழைய வழக்கம் இல்லை என்று சொன்ன அந்த அயர்லாந்துக்காரரின் கூற்றைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

லிஃபிக்கரை

அவர் சொன்னது சரி. ஆனால் நேர்ப்பேச்சு அதிலிருந்து எடுத்த முடிவு சரியில்லை.

இந்த மெட்டுகளில் பெரும்பாலானவை ஆடுவதற்கானவை. கிராமங்களில் வீட்டுச் சமையலறையிலும் நாற்சந்தியிலும் ஆடினார்கள். வாசிப்பவர் ஒருவரோ இருவரோ இருந்தால் போதும். 1935இல் பொது நடனக்கூடச் சட்டம் வந்தது. பொது நடனத்துக்கு உரிமம் வேண்டும் என்றது அது. பாதிரியார்களும் காவலர்களும் பல இடங்களில் வீட்டு நடனங்களின் மீதும் அதைப் பிரயோகித்தார்கள். ஆட்டம் உரிமம் பெற்ற கூடங்களுக்குப் போயிற்று. பெரிய கூடத்துக்குப் பெரிய வாத்தியக்குழு தேவைப்பட்டது. சமையலறை ஃபிடில்காரருக்கு வேலை இல்லாமல் போயிற்று. பிறகு 1950களில் வேலை தேடி லட்சக்கணக்கானோர் நாட்டை விட்டுப் போனார்கள். லண்டனின் கேம்டன் டவுன் போன்ற இடங்களில் ஒற்றை அறையில் தங்கிக் கட்டடவேலை பார்த்தவர்களுக்கு வாசிக்க வீடு ஏது? பப்பில் கூடி வாசித்தார்கள். இன்று நாம் செஷன் என்று அறிவது பெருமளவு அங்கே உருவெடுத்து ஊர் திரும்பியது. மரபிசையை வளர்க்க 1951இல் தொடங்கிய கோல்தஸ் அமைப்பும் அதன் ஃப்ளா என்ற இசை விழாக்களும், 1960களில் டப்ளினின் மெரியன் ரோவில் டப்ளினர்ஸ் என்ற நாட்டுப்பாடல் குழு உருவான ஓ'டொனஹ்யூ பப் போன்ற இடங்களும் அதைப் பரப்பின.

ஆக, வழக்கத்துக்கு வயது எழுபது, எண்பது ஆண்டுதான். மெட்டுகள் அதைவிட மிகப் பழையவை. வீட்டை இழந்து குடிமாறி வந்தவை.

டூலினைப் பொறுத்தவரை, பயணிகள் வருவதற்கு இசைதான் காரணம். அந்த ஊர்க்காரரான மிக்கோ ரஸல் என்ற டின் விசில் கலைஞரையும் (1915–1994) அவருடைய சகோதரர்கள் பாக்கி, கஸ்ஸி இருவரையும் கேட்கவே பலர் வரத் தொடங்கினார்கள்.

டப்ளினிலும் டெம்பிள் பாரைத் தாண்டிப் போனால் ஸ்மித்ஃபீல்டில் மரபிசைக்குப் பெயர்பெற்ற காபிள்ஸ்டோன் பப் இருக்கிறது. 2021இல் அந்த இடத்தில் விடுதி கட்டும் திட்டம் வந்தபோது வாத்தியங்களோடு மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த ஆண்டே மாநகராட்சி அனுமதி மறுத்தது. பயணிகளுக்கான சரக்குக்காக யாரும் ஊர்வலம் போவதில்லை.

நேர்ப்பேச்சு

1935 சட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. டெம்பிள் பாரை வைத்து நாட்டையே எடைபோட்டது என் அவசரம் என்று ஒப்புக்கொள்கிறேன். விலையைப் பற்றிய என் குறை மட்டும் அப்படியே இருக்கிறது.

காவிரிக்கரையன் (மனைவி எழுதுவது)

கணவரின் கணக்கிலேயே எழுதுகிறேன். தன் தொப்பி பறந்ததை எழுதியவர், அன்றிரவு நடந்த முக்கியமான ஒன்றை வசதியாக விட்டுவிட்டார். அந்த பப்பில் கழிப்பறைக் கதவுகளில் ஆங்கிலம் இல்லை. அயர்லாந்து மொழியில் ஒன்றில் "ஃபிர்" என்றும் மற்றதில் "ம்னா" என்றும் இருந்தது. எம், என், ஏ என்று எழுத்தைக் கூட்டிப் பார்த்த இவர், "மேன் என்பதை ஏதோ மாற்றி எழுதியிருக்கிறார்கள்" என்று தீர்மானித்து உள்ளே போய்விட்டார். "ம்னா" என்றால் பெண்கள். உள்ளே இருந்த ஒரு பாட்டி இவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி வெளியே கொண்டுவந்து விட்டார். அதன் பின் கால் மணி நேரம் இவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பௌரான் தாளத்தில் மூழ்கியிருந்தார் என்று பக்கத்து பெஞ்சுக்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

பெண்கள் தயங்க வேண்டுமா என்று யாராவது கேட்டால், தேவையே இல்லை என்பேன். எனக்குத் தேநீரைக் கெண்டியோடு கொண்டுவந்து வைத்தார்கள். 2004 மார்ச் முதலே பணியிடங்களில் புகைக்கத் தடை இருப்பதால் புகை நெடி இல்லை. பதினொரு மணியளவில் கல்லா அருகே நின்றிருந்த முதியவர் ஒருவர், வாத்தியம் ஏதுமின்றிக் கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார். கப்பலேறிப் போன ஒருவனைப் பற்றிய பாட்டு. அதுவரை சந்தைக்கடை போல இருந்த கூடத்தில், பீர் ஊற்றுபவர்கூடக் குழாயை விட்டுக் கையை எடுத்துவிட்டார். கடைசி வரியை மட்டும் அவர் பாடாமல் பேசும் குரலில் சொல்லி முடித்தார். ஏன் அப்படி?

லிஃபிக்கரை

அம்மா, அது பழைய பாடகர்களின் வழக்கம். பாட்டிலிருந்து இறங்கி மீண்டும் நம்மோடு சேர்ந்துகொள்வதைப் போல. மேற்குக் கரையில் கனமாரா பக்கம், வாத்தியமின்றித் தனியாகப் பாடும் ஷான் நோஸ் என்ற பழைய பாணியில் பாடும்போது, பக்கத்தில் இருப்பவர் பாடகரின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பதையும் பார்க்கலாம்.

அறுபத்தைந்து

செப்டம்பரில் நாங்களும் போகவிருக்கிறோம். நுழைவுக் கட்டணம் உண்டா, குடிக்காதவர்கள் எப்படிச் சமாளிப்பது, இரவில் திரும்புவது எப்படி, விசா எப்படி என்று சொன்னால் உதவியாக இருக்கும். எனக்கு முழங்கால் வலி; நீண்ட நேரம் நிற்க முடியாது.

காவிரிக்கரையன்

கழிப்பறைச் செய்தி இனி என் பேரப்பிள்ளைகளையும் எட்டும் என்பதால், விட்டுவிடுகிறேன்.

நாங்கள் போன இடங்களில் கட்டணம் எதுவும் இல்லை. ஏதாவது ஒன்று வாங்கி உட்கார்ந்தால் போதும். தேநீர் போதும். மதுவில்லாத கின்னஸும் கிடைக்கிறது. பக்கத்தில் இருப்பவர் உங்களுக்கு ஒன்று வாங்கித் தந்தால் அடுத்த சுற்று உங்களுடையது; அதை மறப்பது அங்கே பெரிய குற்றம். இருக்கைக்கு எட்டரைக்கே போய்விடுங்கள், மூலையில் காலியாக இருக்கும் இடத்தைத் தவிர்த்து. மெட்டு ஓடும்போது கை தட்டித் தாளம் போடாதீர்கள். செட் முடிந்ததும் தட்டலாம். கைபேசியில் பதிவு செய்ய வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவில் நாங்கள் நடந்தே திரும்பினோம். சாலையோர நடைபாதை எல்லா இடத்திலும் இல்லை என்பதால் கைவிளக்கு அவசியம். முழங்கால் வலிக்காரர்கள் பப்பிலிருந்து நடக்கும் தொலைவிலேயே அறை எடுப்பது நல்லது.

விசாவில் ஒரு விவரம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா அயர்லாந்தில் செல்லாது. பிரிட்டன் விசாவில் பி.ஐ.வி.எஸ். (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்ற குறிப்பு இருந்தால் அதைக் கொண்டே அயர்லாந்துக்கும் போகலாம்; ஆனால் முதலில் பிரிட்டனில் நுழைந்திருக்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் போனோம்.

லிஃபிக்கரை

செப்டம்பர் நல்ல மாதம், கூட்டம் குறையத் தொடங்கும். டூலினில் நெரிசல் பிடிக்காவிட்டால் அதே மாவட்டத்தின் என்னிஸ் நகரில் தங்குங்கள். ரயில் வசதியும் உண்டு. ஜூலையில் போக முடிந்தவர்களுக்கு மில்டவுன் மால்பே. இலன் பைப் கலைஞர் வில்லி கிளான்சி நினைவாக 1973 முதல் அங்கே கோடைப் பள்ளி நடக்கிறது. அந்த வாரம் ஊரில் வாத்தியம் ஒலிக்காத பப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாயால் ஊதாமல் முழங்கை இடுக்கில் துருத்தியை அமுக்கி வாசிக்கும் அந்த இலன் பைப்பை ஒரு முறையாவது கிட்டத்தில் கேட்டுவிடுங்கள்.

காவிரிக்கரையன் (மனைவி எழுதுவது)

ஒரே ஒரு உதவி வேண்டும். அந்தச் சிறுமி வாசித்த ஜிக் இன்றும் காதில் ஓடுகிறது. அவள் போன பிறகு ஃபிடில்காரரிடம் அதன் பெயரைக் கேட்டேன். "கன் ஆனிம்" என்று சொன்னார். மறந்துவிடக் கூடாது என்று என் பாட்டு நோட்டில், ராகத்தின் பெயர் எழுதும் இடத்தில் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால் அந்தப் பெயரில் ஏராளமான மெட்டுகள் வருகின்றன. எதுவும் அது இல்லை. அந்த மெட்டுக்கு வேறு பெயர் ஏதாவது இருக்குமா?

லிஃபிக்கரை

அம்மா, "கன் ஆனிம்" என்றால் அயர்லாந்து மொழியில் "பெயரில்லை" என்று பொருள். பெயர் தெரியாத மெட்டுகளுக்கெல்லாம் அப்படித்தான் எழுதுவார்கள்.

காவிரிக்கரையன் (மனைவி எழுதுவது)

நல்ல வேளை, பேனாவில் எழுதிவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.